குறி பொய்த்த கதை

வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங்கில் ஆடாமல் அசையாமல் நின்றது. இதற்கு டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், கோளாறு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் மேடு வந்தால் மூச்சு வாங்கியது. முன்பு மூன்றாவது கியரிலேயே ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்டது. கால்மணி நேரம் ஓட்டினால் முழங்காலில் அனல் அடித்தது. இஞ்சினிலிருந்து வெளியே வந்ததும் சைலன்சர் பைப் வளைகிற இடம் இத்தனை நாள் வைக்கோல் நிறத்தில் இருந்தது, இப்போது கருநீலமாகிவிட்டது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கார்புரேட்டருக்குத் தாரை வார்த்தேன். ஜெட்டைக் கழற்றி ஊதினேன், ஊசியை ஒரு காடி ஏற்றினேன், மிதவையின் உயரத்தை அளந்தேன். ஒன்றும் மாறவில்லை. வண்டியில் எது சரியில்லை என்றாலும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறோம். கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது அதன் தலையெழுத்து.

அப்புறம்தான் டைமிங் பக்கம் வந்தேன்.

என்னுடையது பழைய ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டி. 12 வோல்ட் பேட்டரி, பொறிக்கு வோல்டைக் கூட்டித் தரும் காயில், அதற்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் நுனியில் பாயிண்ட், பிஸ்டன் சுற்றுகிற தண்டான கிராங்க்கின் இடது நுனியில் மேக்னெட் ரோட்டர். ரோட்டரின் விளிம்பில் டி, எஃப் என்று இரண்டு கோடுகள், கொஞ்சம் தள்ளி, வேகத்தில் பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் அட்வான்ஸ் கோடுகள் இரண்டு. டி என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. எஃப் என்றால் ஐடிலிங்கில் தீப்பொறி விழ வேண்டிய இடம். என் வண்டிக்கு அது உச்சிக்கு 10 டிகிரி முன்னால்.

உச்சிக்கு முன்னாலேயே ஏன் பொறி விழ வேண்டும் என்பதை ஒரு தடவை மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். நல்லபடி ஓடுகிற இஞ்சினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. பிளக்கின் நுனியில் பற்றிய நெருப்பு சிலிண்டரின் மறுகோடிக்குப் பரவ நேரம் வேண்டும். ஒரு சில மில்லி செகண்டுதான், ஆனால் கிராங்க் அதுவரை காத்திருக்காது. 1,200 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டுக்குள் அது 7 டிகிரி சுற்றிவிடும், 6,000-ல் 36 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளு நன்றாக விழும். ஊஞ்சலைத் தள்ளுகிறவருக்கு இது தெரியும். பின்னால் வந்து திரும்புகிற நொடியில் கை போக வேண்டும். முந்தினால் ஊஞ்சல் கையை முறிக்கும், பிந்தினால் காற்றைத் தள்ளிக்கொண்டு நிற்போம்.

முந்தினால் என்ன ஆகும் என்று கிக்கரை உதைத்த கால் சொல்லும். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை நெருப்பு கீழே தள்ளும், கிக்கர் எதிர்ப்பக்கம் எகிறிக் கெண்டைக்காலில் விழும். ஓடும்போது, பாரம் இழுக்கையில், நாணயத்தை டப்பாவில் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டும் கேட்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழவும் வழி உண்டு. பிந்தினால் இப்படி எந்த அலறலும் இல்லை. பாதி நெருப்பு சைலன்சருக்குள் போய் எரிகிறது, சூடு ஏறுகிறது, பெட்ரோல் கரைகிறது, வண்டி சோம்பலாக இழுக்கிறது. ஆனால் ஸ்டார்ட் மட்டும் வெண்ணெய் மாதிரி ஆகும். என்னை ஏமாற்றியது அதுதான்.

வேகம் கூடக்கூடப் பொறி முன்னால் போக வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் இதற்கு ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருக்கும். உதைக்கும் முன் பின்னுக்குத் தள்ளி, ஓட ஆரம்பித்ததும் முன்னுக்கு இழுத்து, மேட்டில் மறுபடி கொஞ்சம் பின்னுக்கு என்று ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். மறந்தால் கால் போச்சு. என் வண்டியில் அந்த வேலையை இரண்டு குட்டி எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் செய்கின்றன. சுற்று கூடினால் எடைகள் விரிந்து பாயிண்ட் கேமை முன்னால் திருப்பும். ஐடிலிங்கில் 10 டிகிரி, வேகத்தில் 35. அதற்கு மேல் போகத் தேவை இல்லை. சுற்று கூடும்போது சிலிண்டருக்குள் காற்றின் சுழலும் கூடி நெருப்பும் வேகமாக ஓடுவதால் கணக்கு ஒரு கட்டத்தில் சமமாகிவிடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். பலர் சறுக்குவது வரிசையில். முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். காயிலில் பொறி வருவது பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. கரண்ட் அறுந்து காந்தப்புலம் சரியும் அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி. பாயிண்டின் இடைவெளியைக் கூட்டினால் அது சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். குறைத்தால் தாமதமாகத் திறக்கும், பின்னால் போகும். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் வைத்த டைமிங் கலைந்துவிடும். கேமைத் தொட்டு ஓடும் ஃபைபர் குதிகால் தேயத்தேய இடைவெளி சுருங்குவதால், பாயிண்ட் வண்டியில் யாரும் கை வைக்காமலே டைமிங் மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குதிகாலுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். ஒரு பொட்டுதான். அதிகம் வைத்தால் அது தெறித்துப் பாயிண்ட் முகத்தில் படிந்து கருகும்.

கேமைச் சுற்றி, பாயிண்ட் அதிகபட்சம் திறந்த இடத்தில் நிறுத்தி, 0.35 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் தகட்டை, உள்ளே விட்டேன். இடைவெளி ஒரு இழை சுருங்கியிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் சின்னக் குழி, எதிர்ப்பக்கம் சின்ன மேடு. மேடு இருந்தால் கேஜ் ஏமாற்றும். தகடு மேட்டில் இடித்து நிற்கும், குழியைச் சுற்றியுள்ள உண்மையான இடைவெளி கூடுதலாக இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் மேட்டைத் தட்டையாக்கி, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை நடுவில் வைத்து இழுத்தேன். தாளில் கறுப்பு வருகிற வரை அது சுத்தம் இல்லை. பிறகு கேஜ் லேசாகக் கவ்வி வழுக்குகிற மாதிரி வைத்துத் திருகை முடுக்கினேன். முடுக்கும்போது பிளேட் கொஞ்சம் நகரும். அதனால் முடுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது தடவை எப்போதும் மாறித்தான் இருக்கிறது.

அடுத்தது பல்பு. 12 வோல்ட் டாஷ்போர்டு பல்பு ஒன்றில் இரண்டு ஒயர், ஒன்று பாயிண்டின் ஒயர் வந்து சேரும் இடத்தில், மற்றது பாடியில். சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை கரண்ட் அது வழியாகவே தரைக்குப் போய்விடும், பல்புக்கு ஒன்றும் மிஞ்சாது. பாயிண்ட் பிரிந்த கணத்தில் கரண்டுக்கு பல்பை விட்டால் வேறு வழி இல்லை, எரியும். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். ஒயரைக் கழற்றிவிட்டால் பார்க்கலாம். கழற்றாமல் பார்த்தால் காயிலும் மற்ற சுற்றும் சேர்ந்து எண்ணைக் குழப்பும். மேக்னெட்டிலேயே பொறிக்கான காயில் இருக்கும் பேட்டரி இல்லாத வண்டிகளில் இந்தப் பல்பு வித்தை அப்படியே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பாயிண்ட் ஒயரைத் தனியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றினால் இஞ்சின் லேசாகச் சுற்றும். கழற்றிய பிளக்கை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளிருந்து வருவது பெட்ரோல் ஆவி. ரோட்டர் நட்டில் ஸ்பேனரை மாட்டி, இஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றினேன். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் வந்து சரிசெய்யக் கூடாது. கேம் செயினில் இருக்கும் தளர்வு டிகிரிக் கணக்கில் ஏமாற்றும். தாண்டினால் நன்றாகப் பின்னால் போய்விட்டு மறுபடி முன்னால் வர வேண்டும். இன்னொன்று, நான்கு ஸ்ட்ரோக்கில் எஃப் கோடு இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை வரும், பாயிண்ட் ஒரு தடவைதான் திறக்கும். பல்பு எரியவில்லையே என்று பதறாமல் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள்.

சுற்றினேன். எஃப் கோடு இஞ்சின் உடலில் அசையாமல் நிற்கும் முள்ளை நெருங்குகிறது. ஒரு மயிரிழை இருக்கும்போதே பல்பு எரிந்துவிட்டது. கொஞ்சம் முந்துகிறது. பாயிண்ட் பிளேட்டின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, கேம் சுற்றும் திசையிலேயே ஒரு துளி நகர்த்தினேன். அந்தத் திசையில் நகர்த்தினால் பொறி பிந்தும், எதிர்த்து நகர்த்தினால் முந்தும். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பிளேட்டில் ஒரு டிகிரி என்பது கிராங்க்கில் இரண்டு. அதனால் நகர்த்துவது என்பதைவிட ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுவது என்று சொல்வதே பொருத்தம். நான்காவது முறை பல்பும் எஃப் கோடும் ஒன்றாக வந்தன.

மாலை மங்கியதும் வண்டியை வெளியே திறந்த இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தடவை மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்கைப் பிடித்தேன். கோடுகளுக்கு முன்கூட்டியே ஒயிட்னர் தடவியிருந்தேன். ஓடுகிற ரோட்டர் அந்த வெளிச்சத்தில் உறைந்து நிற்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எஃப் கோடு முள்ளுக்கு நேராக, ஆணி அடித்தது போல. ஆக்சிலேட்டரைத் திருகினால் கோடு நகர்ந்து, அட்வான்ஸ் கோடுகள் இரண்டும் முள்ளுக்கு வந்து நின்றன. எடைகள் சிக்கவில்லை, கோடு நடுங்கவில்லை. எல்லாமே கச்சிதம்.

மறுநாள் அதே மேடு, அதே இரண்டாவது கியர். சொல்லப்போனால் முன்னைவிடச் சோம்பல்.

அன்றைக்கு வண்டியின் முன்னால் உட்கார்ந்து, வேறு எதுவும் தோன்றாமல், பிளக் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டேன். டி கோட்டை முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்தேன். குழல் மேலே நிற்கிறது. சும்மா விரல் நுனியைக் குழலின் மேல் வைத்துக்கொண்டு ரோட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். குழல் இறங்க வேண்டும். விரலை லேசாகத் தள்ளிக்கொண்டு ஏறியது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

அந்த அரை மில்லிமீட்டரைக் கண்ணால் நம்ப முடியாது. பிஸ்டன் உச்சியில் நின்றுவிடுகிறது, அதுதான் பிரச்சினை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 60 மில்லிமீட்டர், அதன் இரு மடங்கு நீளக் கனெக்டிங் ராட் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். உச்சிக்கு 20 டிகிரி தள்ளி, கிராங்க்கின் ஒரு டிகிரிக்குப் பிஸ்டன் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்கிறது. உச்சியை ஒட்டிய முதல் டிகிரியிலோ 0.006 மில்லிமீட்டர்தான். டயல் கேஜ் வைத்தாலும் முள் பல டிகிரிகளுக்கு அசையாமல் நிற்கிற மாதிரிதான் தெரியும். உச்சியை உச்சியில் தேடினால் கிடைக்காது. இரண்டு பக்கச் சரிவிலும் சம உயரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து, நடுவைக் கணக்கிட வேண்டும்.

அதற்கு ஒரு தடுப்பு வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே மரை வெட்டி, நுனி மழுக்கிய போல்ட் ஒன்றைத் திருகினேன். பிளக் ஓட்டையில் மாட்டினால் பிஸ்டன் உச்சியை அடைய விடாமல் சில மில்லிமீட்டர் முன்னால் தடுக்கும். வால்வில் இடிக்காத அளவு குட்டையாக இருக்க வேண்டும், கையால் மட்டுமே மெதுவாகச் சுற்ற வேண்டும், கிக்கரையும் செல்ஃப்பையும் தொடவே கூடாது. 360 டிகிரி கோடு போட்ட தாளை அச்சடித்து, பழைய சிடி ஒன்றின் மேல் ஒட்டி ரோட்டரின் நடுவில் பொருத்தினேன். வளைத்த கம்பிதான் முள். டி கோடு நேராக நிற்கும்போது சிடியில் சுழியம் வருகிற மாதிரி கம்பியை வளைத்துவிட்டு, தடுப்பை மாட்டினேன்.

முன்பக்கமாகச் சுற்றினேன், டக். சுழியத்துக்கு முன்னால் 34. பின்பக்கமாக ஏறக்குறைய முழுச் சுற்று வந்தேன், டக். சுழியத்துக்கு அப்பால் 16. டி கோடு உண்மையான உச்சியில் இருந்தால் இரண்டும் 25, 25 என்று வந்திருக்க வேண்டும். கம்பி நகர்ந்திருக்கும் என்று மறுபடி அளந்தேன். 34, 16.

அதாவது டி கோடு முள்ளுக்கு வரும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி 9 டிகிரி போய்விட்டது. எஃப் கோட்டில் 10 டிகிரி முன்னால் விழ வேண்டிய பொறி வெறும் ஒரு டிகிரி முன்னால் விழுகிறது. வேகத்தில் 35-க்குப் பதில் 26. பல்பும் ஸ்ட்ரோப்பும் பொய் சொல்லவில்லை. பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பல்பு சொன்னது, அப்போது கோடு எங்கே இருக்கிறது என்று ஸ்ட்ரோப் சொன்னது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் நான் கேட்கவே இல்லை. அதற்கு அந்தக் கோட்டின் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

கையோடு ரோட்டரின் விளிம்பில், உண்மையான உச்சிக்கு நேராக, ஒயிட்னரால் ஒரு புதுக் கோடு போட்டேன். அங்கிருந்து 10 டிகிரி அளந்து இன்னொன்று. அதற்கு ஏற்ப டைமிங்கை வைத்தேன். அன்று சாயங்காலம் அந்த மேட்டில் வண்டி மூன்றாவது கியரில் ஏறியது. கத்தலாம் போலிருந்தது.

ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. தொழிற்சாலையில் வெட்டிய கோடு 9 டிகிரி தானாக நகராது. கோடு நகரவில்லை என்றால் ரோட்டர் நகர்ந்திருக்கிறது. நகர்ந்த ரோட்டர் இன்னமும் நகரலாம்.

மறுநாள் புல்லர் மாட்டி ரோட்டரை எடுத்தேன். சுத்தியலால் தட்டி எடுக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், கிராங்க் நுனியும் காந்தமும் போய்விடும். கிராங்க் நுனி கூம்பாக இருக்கும், ரோட்டரின் துளையும் அதே கூம்பு. இரண்டுக்கும் நடுவில் அரை நிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, மேக்னெட் கீ. அதைக் குறடால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு. மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம், நடுவில் 1.3 மில்லிமீட்டர் விலகல். 17 மில்லிமீட்டர் தண்டின் சுற்றளவில் 9 டிகிரிக்கு அதுதான் வரும், கணக்குப் பிசகவில்லை.

ரோட்டரைப் பிடித்து வைப்பது கீ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. பிடித்து வைப்பது கூம்பும் கூம்பும் கவ்வுகிற கவ்வல். ரோட்டரை மாட்டும்போது சரியான கோணத்தில் உட்கார வைப்பது மட்டும்தான் கீயின் வேலை. கவ்வல் விட்டுப்போனால் அந்த முழு விசையும் இந்தத் துண்டின் தலையில் விழும், அது அறுபடும். கவ்வல் ஏன் விட்டது? இரண்டு வருடம் முன்னால் ஸ்டேட்டர் காயில் மாற்றியது நான்தான். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அந்தக் கூம்பில் கிரீஸ் தடவியதும் நான்தான். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நட்டைக் கைக்கணக்கில் முடுக்கியதும் நானேதான். கூம்பில் அந்தக் கிரீஸ் இன்னும் மினுமினுத்தது. பாயிண்ட் கேம் ஷாஃப்ட்டில் இருப்பதால் கீ அறுந்தபோது நகர்ந்தது குறி மட்டும்தான்; அதற்குப் பிறகு அந்தக் குறியை நம்பி டைமிங் வைத்தபோதுதான் பொறியும் பிந்தியிருக்க வேண்டும்.

சிடிஐ என்கிற மின்னணுப் பற்றவைப்பு வந்த பிறகு பாயிண்ட் என்கிற சள்ளை ஒழிந்தது. கவாசாகி எச்1 அதை 1969-லேயே கொண்டுவந்துவிட்டது. இன்றைய வண்டிகளில் வீட்டில் உட்கார்ந்து நகர்த்துவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. சென்சார் ஓரிடத்தில் நிலையாக இருக்கும், முன்னே பின்னே போவதை மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சென்சார் பார்ப்பதும் ரோட்டரின் மேல் இருக்கும் ஒரு மேட்டைத்தான். ரோட்டரைப் பல வண்டிகளில் இதே மாதிரிக் கூம்பும் கீயும்தான் தாங்குகின்றன. அங்கே கீ அறுபட்டால் குறி மட்டும் அல்ல, பொறியும் சேர்ந்தே நகரும்.

கூம்பு இரண்டையும் பெட்ரோலால் துடைத்தேன். வால்வு உட்கார வைக்கும் பேஸ்ட்டைத் துளி தடவி, கீ இல்லாமல் ரோட்டரை இப்படியும் அப்படியும் தேய்த்து, இரண்டிலும் சாம்பல் நிறம் சீராக வந்ததும் பேஸ்ட் கொஞ்சமும் மிஞ்சாமல் துடைத்தெடுத்தேன். உலர்ந்த கூம்பு, புதுக் கீ, கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச். பிறகு மறுபடி சிடி, கம்பி, தடுப்பு. 25, 25.

டி கோடு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. இப்போது ரோட்டரின் விளிம்பில் ஒயிட்னரால் நான் போட்டு வைத்த புதுக் கோடுகள்தான் 9 டிகிரி தப்பாக நின்றன. துணியை பெட்ரோலில் நனைத்து இரண்டையும் அழித்துவிட்டு, பல்பைத் தேடப் போனேன்.